ஆடுபவரின் பின்னே நின்றவர்
(பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நட்டுவனார் மரபும்)

தமிழ் மக்கள் எங்கெங்கு சென்று குடியேறினாலும் அங்கெல்லாம் மூன்று பொருள்கள் அவர்களுடன் சென்றுவிடுகின்றன. ஒன்று கோயில், மற்றொன்று தமிழ்ச் சங்கம், மூன்றாவது சலங்கை. பம்பாயின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கல்கத்தாவின் தென்பகுதியிலும், பெங்களூரின் மல்லேசுவரத்திலும் ஞாயிறு காலை வேளைகளில் ‘தெய்யா தெய்’ என்னும் சொற்கட்டும், அதற்கேற்பச் சிறுமியரின் பாதங்கள் தரையைத் தட்டும் ஒலியும் கேட்பது நாம் அறிந்ததே. அச்சிறுமியர் கற்கும் கலையின் பெயரையும் அதனை ஆடிப் புகழ்பெற்ற நங்கையரின் பெயர்களையும் நாம் நன்கு அறிவோம். ஆனால் அந்தச் சொற்கட்டை நாவிலும், தாளத்தைக் கையிலும், நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சிலும் சுமந்து வந்து நம்மிடம் சேர்ப்பித்த நட்டுவனார்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அம்மரபின் வரலாற்றையும், அதன் தலைமகன் ஒருவரின் வாழ்வையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

பழமையான தொழில்

நட்டுவம் நேற்றுத் தோன்றிய தொழில் அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை வருணிக்கும் முன்னர், அவளை உருவாக்கிய ஆசிரியர்களின் தகுதிகளை ஒவ்வொன்றாகக் கூறுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவ்வரிசை அமைகிறது. வரிசையில் முதல்வனாக நிற்பவன் ஆடலாசிரியன் என்பது கருதத்தக்கது. ஆடுமகளின் பெருமைக்கு முன்னர் ஆசிரியனின் பெருமையைச் சொல்வதே முறை என இளங்கோவடிகள் கருதினார் போலும்.

சோழர் காலத்திற்கு வந்தால் கல்வெட்டே சான்று பகர்கிறது. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளித்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். அதே கல்வெட்டில் நட்டுவம் செய்வோரும் இடம்பெறுகின்றனர். அவர்களுக்கு இரண்டு பங்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசன், ஆடுபவளையும் ஆட்டுவிப்பவனையும் ஒரே கல்லில் பெயர் சொல்லிப் பொறித்து வைத்தான் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் நிகழ்ந்ததை அளந்தறிய இதுவே அளவுகோல்.

சின்னமேளமும் பெரியமேளமும்

காவிரிக்கரையின் இசைக்குடிகளிடையே இரண்டு மேளங்கள் இருந்தன. நாகசுரமும் தவிலும் கொண்டது பெரியமேளம். ஆடலுக்குரிய இசைக்குழு சின்னமேளம். சின்னமேளத்தின் தலைவர் நட்டுவனார். அவருடன் மத்தளமோ மிருதங்கமோ வாசிப்பவர், முகவீணை ஊதுபவர், சுருதிக்குத் துருத்தி பிடிப்பவர், பாடுபவர் ஆகியோர் இருப்பர். பிற்காலத்தில் முகவீணையின் இடத்திற்குக் கிளாரினெட் வந்தது.

இவர்கள் மேடையோரத்தில் விரிப்பின் மீது அமர்ந்து வாசித்தவர் அல்லர். ஆடுபவளின் பின்னே நின்றனர். அவள் முன்னே செல்லும்போது முன்னே சென்று, அவள் பின்வாங்கும்போது தாமும் பின்வாங்கினர். மிருதங்கம் இடுப்பில் கட்டப்பட்டிருக்கும். இரவு முழுதும் நடைபெறும் ஆடலானாலும், வீதி வழியே செல்லும் ஊர்வலமானாலும் நின்றபடியே வாசிப்பதுதான் வழக்கம்.

நட்டுவனாரின் கருவி உள்ளங்கையில் அடங்கும் சிறு தாளம். அதன் இரு தட்டுகளில் ஒன்று எஃகாலும் மற்றொன்று வெண்கலத்தாலும் ஆனது. இரண்டும் ஒரே உலோகமாயின் ஒலி நீண்டு ஒன்றோடொன்று குழம்பும். எஃகு வெண்கலத்தைத் தீண்டும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெறித்து விழும். அந்தச் சிறு கருவியைக் கொண்டு அவர் காலத்தை அளக்கிறார். வாயால் சொற்கட்டு உரைக்கிறார். பாட்டின் அடியைத் தொடங்கி வைக்கிறார். ஆடுபவளின் மூச்சு தளர்வதைக் கண்டால் அவளுக்கு ஓய்வு கிட்டுமாறு பாடல் அடியை நீட்டுகிறார். இவ்வளவையும் அவையோர் அறியாத வண்ணம் செய்வதே அவரது திறம்.

பயிற்சியின்போது தாளத்திற்குப் பதிலாகத் தட்டுக்கழியும் மரக்கட்டையும் பயன்படும். நட்டுவனார் பொதுவாக அமர்ந்தபடியே கற்பிப்பார். எழுந்து ஆடிக் காட்டுவது அரிது. சொல்லாலும், கையசைவாலும், கண்ணின் குறிப்பாலும் ஓர் அடவின் முழு வடிவையும் மாணவியின் உடலில் ஏற்றிவிடுவார். தாம் மேடையில் ஆடாத ஒரு கலையை இம்மரபினர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த விந்தை இதுவே.

இக்குடும்பங்களின் வாழ்க்கை முறையும் தனித்தன்மை உடையது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் ஆடினர். அவர்கள் பெயரில் சொத்தும் உரிமையும் இருந்தன. அதே குடியின் ஆண்மக்கள் நட்டுவம், நாகசுரம், மிருதங்கம் ஆகியவற்றைக் கற்றுப் பிழைத்தனர். ஒரு பெண்ணுக்கு நட்டுவனார் சிறுவயது முதல் ஆடல் கற்பிப்பார். அவள் அரங்கேறிய பின்னர் அவளது வருவாயில் ஒரு பங்கு ஆசிரியருக்குச் சேரும். இவ்வுறவு ஒருநாள் கட்டணத்தோடு முடிவதன்று. வாழ்நாள் முழுதும் நீடிப்பது.

தஞ்சை நால்வர்

இம்மரபு இன்று நாம் காணும் வடிவைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு உடன்பிறந்தார், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் (1798–1832) அவையில் விளங்கினர். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்ற இவர்கள், அதுவரை பலவாறாக வழங்கிய ஆடல் உருப்படிகளை ஒழுங்குபடுத்தினர். அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என இன்றும் நம் சிறுமியர் அரங்கேற்றத்தில் ஆடும் வரிசை அவர்கள் வகுத்ததே.

நால்வரின் வாழ்விலேயே புலம்பெயர்தல் தொடங்கிவிட்டது. சின்னையா மைசூர் அரசவை சென்றார். வடிவேலு திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் (1813–1846) சென்றார். மேனாட்டு வயலினைத் தென்னாட்டு இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் வடிவேலுவும் ஒருவர். மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது இசை வரலாற்றில் போற்றப்படும் செய்தி.

1855 இல் தஞ்சை மன்னர் சிவாசி ஆண் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலக் கும்பினி அரசை எடுத்துக்கொண்டது. அரசவை கலைந்தது, அதை நம்பியிருந்த கலைஞர் திசைக்கொருவராகச் சிதறினர். சிலர் கோயில் மானியத்தை நம்பிச் சிற்றூர்களில் தங்கினர். சிலர் சென்னைப் பட்டணம் சேர்ந்தனர். சிலர் நெடுந்தொலைவு சென்றனர். 1880 இல் தஞ்சை அரசகுமாரி ஒருவர் பரோடா மன்னர் மூன்றாம் சாயாசிராவுக்கு மணமுடிக்கப்பட்டபோது, அவருடன் ஆடல் மகளிரும் நட்டுவனாரும் அடங்கிய சின்னமேளக் குழு ஒன்றும் குசராத்து மண்ணுக்குச் சென்றது. வேலை தேடி நம் பாட்டனார் இரயிலேறிய காலத்திற்கு முன்பே நட்டுவனாரின் தாளம் விந்தியத்தைத் தாண்டிவிட்டது.

பந்தநல்லூர்ப் பெரியவர்

சிற்றூர்களில் தங்கியோரின் மரபில் தோன்றியவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் அண்மையில் உள்ள பந்தநல்லூர் அவரது ஊர். தேவாரம் இவ்வூரைப் பந்தணைநல்லூர் எனப் பாடும். தஞ்சை நால்வர் வழிவந்தவரான இவர் பிறந்தது 1869 இல். அதாவது தஞ்சை அரசு மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. அரசவையின் பெருமையைக் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது.

அவர் இளமையைக் கடந்து நடுவயதை எட்டிய காலத்தில் அவரது தொழிலின் அடித்தளமே ஆட்டங்கண்டது. 1890களிலேயே சென்னையில் சதிராட்டத்திற்கு எதிரான இயக்கம் எழுந்தது. 1927 க்குப் பின்னர் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முனைந்து போராடினார். அவருடைய அன்னையாரும் அக்குடியில் பிறந்தவரே. அதே குடியில் பிறந்து, அவ்வாழ்வின் துயரத்தை உள்ளிருந்தே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று முழங்கினார். சிறுமியரின் வாழ்வைப் பிறர் விருப்பத்திற்குப் பலியிட்ட வழக்கம் ஒழியத்தான் வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1947 இல் நிறைவேறிய சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்தது. கோயில்களிலும் கோயில் ஊர்வலங்களிலும் அப்பெண்கள் ஆடுவதையும் தடுத்தது.

ஆயினும், அந்தத் தீமையோடு பிணைந்திருந்த கலை என்னாவது என்னும் வினா எழுந்தது. வழக்கறிஞரும் விடுதலைப் போராட்ட வீரருமான ஈ. கிருஷ்ணையர் கலையைக் காக்க வேண்டும் என வாதிட்டார். 1931 ஆம் ஆண்டு மார்ச்சு 15 ஆம் நாள் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் கல்யாணி அம்மாளின் புதல்வியரான இராசலட்சுமியும் சீவரத்தினமும் ஆடினர். 1933 ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர்கள் மீண்டும் ஆடியபோது அவை நிரம்பி வழிந்தது. அவர்களுக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அழியும் என்று பலர் எண்ணிய கலை உயிர்த்தெழுந்த அந்த மேடையிலும் தாளம் அவர் மரபினுடையதே.

அச்சகோதரியரின் ஆட்டத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் இக்கலையைத் தாமே கற்க விரும்பிப் பந்தநல்லூர்ப் பெரியவரை நாடினார். ஆசிரியருக்கு அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது, மாணவியோ முப்பதை எட்டிய மணமான பெண்மணி, வேறு குலத்தவர். ஐந்து வயதுச் சிறுமியருக்கே கற்பித்துப் பழகிய மரபில் இது புதுமையிலும் புதுமை. 1935 டிசம்பர் 30 ஆம் நாள் அடையாற்றில் தியாசபிகல் சங்கத்தின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். அடுத்த ஆண்டே கலாட்சேத்திரமாக வளர்ந்த நிறுவனம் தோன்றியது. பிள்ளையவர்களும் பின்னர் அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் அங்கே கற்பித்தனர்.

அடைத்த கதவு ஒருமுறை திறந்தபின் மாணாக்கர் பல திசைகளிலிருந்தும் வந்தனர். இராம்கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தாராவ், யு. எஸ். கிருஷ்ணராவ் முதலியோர் பிள்ளையவர்களிடம் பயின்றவர்களே. கன்னடம், மலையாளம் என அவர்களின் தாய்மொழிகள் வேறு. அவர் வாயிலிருந்து பெற்ற சொற்கட்டு ஒன்று. இராம்கோபால் அவரைப் பெங்களூருக்கே வரவழைத்துக் கற்பிக்கச் செய்தார். சாந்தாராவ் பந்தநல்லூர்க்கே சென்று தங்கிக் கற்றார். உலக மேடைகளில் இந்திய நடனம் எனப் போற்றப்பட்டதன் பெரும்பகுதி, காவிரிக் கரையின் ஒரு சிற்றூரில் ஒரு முதியவர் தட்டிய மரக்கட்டையிலிருந்து பிறந்தது என்று கூறின் அது மிகையாகாது. 1954 இல் அவர் மறைந்தார்.

வடக்கே சென்ற தாளம்

புதிய மாணாக்கரைத் தேடி நட்டுவனார்களும் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். பாலசரசுவதி அம்மையாருக்கு நான்கு வயது முதல் கற்பித்த கந்தப்ப பிள்ளை, உதயசங்கர் இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் நிறுவிய கலைக்கூடத்திற்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே இசைக்கு அலாவுதீன் கான், கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமூபி சிங், நம் ஆடலுக்குத் தஞ்சை மரபின் கந்தப்ப பிள்ளை. இந்தியாவின் நான்கு திசைக் கலைகளும் ஒரே மலைச்சரிவில் கூடிய காட்சி அது. 1940களின் தொடக்கத்தில் அவர் காலமானார்.

1945 இல் பம்பாய் மாதுங்காவில் ஸ்ரீ ராசராசேசுவரி பரத நாட்டியக் கலா மந்திர் தோன்றியது. அதை நிறுவி வளர்த்தது திருவிடைமருதூர்க் குப்பையா பிள்ளையின் குடும்பம். அவருடைய மருமகன் கோவிந்தராச பிள்ளை, மகள் கருணாம்பாள், மக்கள் மகாலிங்கம் பிள்ளை, கல்யாணசுந்தரம் பிள்ளை எனக் குடும்பம் முழுவதும் இக்கலையே வாழ்வாகக் கொண்டது. எழுத்தரும் கணக்கரும் சமையற் கலைஞருமாகத் தமிழர் பம்பாயில் வேர்விட்ட அதே மாதுங்காவில், நட்டுவனார் குடும்பம் ஒன்றும் வேர்விட்டது. தமிழ்ச் சிறுமியரோடு மராத்தியரும் குசராத்தியரும் அங்கே அமர்ந்து தமிழ்ப் பதங்களின் பொருளைக் கேட்டுக் கற்றனர். மொழிபெயர்ப்பு நூல்கள் செய்ய இயலாத தமிழ்ப்பணி அது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகள்வழிப் பேரர் கிட்டப்பா பிள்ளை (1913–1999). இவர் தந்தைவழியிலும் தஞ்சை நால்வரின் மரபினர். தந்தையார் பொன்னையா பிள்ளை 1933 இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். கிட்டப்பா பிள்ளை தம் முன்னோரின் உருப்படிகளைத் தேடித் தொகுத்து அச்சில் வெளிவரப் பாடுபட்டார். அகமதாபாத்தில் மிருணாளினி சாராபாயின் தர்ப்பணா நிறுவனத்தோடும் தொடர்பு கொண்டிருந்தார். 1974 இல் சங்கீத நாடக அகாதெமி விருது அவரை வந்தடைந்தது. குடும்பச் சொத்தாகக் காத்துவந்த பாடல்களை ஏடுகளிலேயே பூட்டி வைக்காமல் உலகுக்கு ஈந்த உள்ளம் பெரிது.

நின்ற இடமும் நழுவிய இடமும்

இக்கலை மீட்கப்பட்ட வரலாற்றில் ஒரு சிறு மாற்றம் நம் கருத்தைக் கவர வேண்டும். 1930களில், ஆடுபவரின் பின்னே நின்ற இசைக்குழு மேடையின் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. அவை அழகு பெற்றது. இசைஞரின் கால்வலியும் நீங்கியது. இது நல்ல மாற்றமே. ஆயினும் அதே காலத்தில், மேடையில் மட்டுமன்றி வாழ்விலும் நட்டுவனார் நடுவிலிருந்து ஓரத்திற்கு நகர்ந்தார்.

பரம்பரை மாணவியரை அவர் இழந்தார். வருவாயில் பங்கு என்னும் வாழ்நாள் உறவு போய், மாதக் கட்டணம் வந்தது. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தபோது கலைக்குக் கிடைத்த மதிப்பு, அதைக் காத்த குடிக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. 1943 இல் சொக்கலிங்கம் பிள்ளை கலாட்சேத்திரத்தை விட்டு விலகியபோது, ருக்மிணி தேவி தாமே தாளத்தைக் கையில் எடுத்தார். அது துணிவான செயல். நட்டுவாங்கத்தைக் குலத்திற்கு வெளியே பிறந்தவரும், பெண்டிரும் கற்கலாம் என்பதை அது நிலைநாட்டியது. இசைவேளாளர் குடியிலேயே பிறந்த கே. ஜே. சரசா அம்மையார் வழுவூர் இராமையா பிள்ளையிடம் கற்றுப் பெண் நட்டுவனார்களுள் முன்னோடியாகத் திகழ்ந்தார். கலையின் வாயில் அகன்றது. ஆனால் அகன்ற வாயிலின் வழியே உள்ளே வந்தோர் பலராக, வெளியே சென்ற பரம்பரைக் குடும்பத்தினரும் பலராயினர். தம் மக்களுக்குத் தாளத்தைத் தராமல், அலுவலக வேலையைத் தேடித் தந்த நட்டுவனார் குடும்பங்கள் எத்தனையோ.

அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பிழைப்புக்காக ஊரையும் தொழிலையும் விட்டவர்களின் வழித்தோன்றல்கள்தாமே நாமும்? வயலை விட்டவரும் தறியை விட்டவரும் ஏட்டை விட்டவரும் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் விட்டதை யாரேனும் நினைவில் வைத்திருந்தால் நாம் மகிழ்வோம் அல்லவா? நட்டுவனார் மரபுக்கு நாம் செய்யக்கூடியதும் அதுவே.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நம் பெண் யாரிடம் ஆடல் கற்கிறாளோ, அவர் யாரிடம் கற்றார், அவருடைய ஆசிரியர் யார் என்று கேட்டறியலாம். இவ்வாறு மூன்று நான்கு தலைமுறை பின்னோக்கிச் சென்றால், பெரும்பாலும் பந்தநல்லூரோ, வழுவூரோ, திருவிடைமருதூரோ, தஞ்சாவூரோ, காட்டுமன்னார்கோயிலோ எதிர்ப்படும். அந்த ஊரின் பெயரையும் அங்கிருந்த நட்டுவனாரின் பெயரையும் அரங்கேற்ற அழைப்பிதழில் அச்சிடலாம். சங்கத்தின் மேடையில் ஆடல் முடிந்து மாலையிடும்போது முதல் மாலையை நட்டுவாங்கம் செய்தவருக்கு அணிவிக்கலாம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது குலதெய்வக் கோயிலோடு பந்தநல்லூருக்கும் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று, “நீ வைக்கும் முதல் அடவு இந்த ஊரிலிருந்து வந்தது” என்று சொல்லலாம்.

இராசராசன் 400 பெண்டிரின் பெயர்களோடு நட்டுவம் செய்தாரின் பெயர்களையும் கல்லில் வெட்டினான். நமக்குக் கல்லும் உளியும் வேண்டா. அழைப்பிதழில் ஒரு வரி போதும்.